பச்சை அட்டைக்குள் காசா

பழைய கிரேக்க, லத்தீன் நூல்களை ஆங்கிலத்தோடு வெளியிடும் லோப் கிளாசிகல் லைப்ரரி வரிசையின் வாசகர்களுக்கு அட்டை நிறமே போதும்: பச்சை என்றால் கிரேக்கம், சிவப்பு என்றால் லத்தீன். இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம். நான் வாங்கியது ஒரு பச்சை: ஹாலிகர்னாசஸ் ஊர்க்காரரான பழைய கிரேக்க விமர்சகர் தியோனீசியஸின் விமர்சனக் கட்டுரைகள், இரண்டாம் தொகுதி, ஸ்டீஃபன் அஷர் மொழிபெயர்ப்பு, 1985. உள்ளே இருப்பது சொற்களை எப்படிக் கோப்பது என்று ஒரு நூல், டினார்க்கஸ் என்ற பேச்சாளரைப் பற்றி ஒரு கட்டுரை, சில கடிதங்கள். ஆசைப்பட்டு யாரும் வாங்குகிற சரக்கு இல்லை. நான் வாங்கியது முதல் நூலின் 18ஆம் அத்தியாயத்துக்காக.

கி.மு. 332. டயர் நகரை வீழ்த்திவிட்டு எகிப்துக்குப் போகும் வழியில் அலெக்சாந்தரைக் காசா மறித்தது. கோட்டையைக் காத்தவன் பாட்டிஸ், பாரசீகர் பக்கத்து ஆள். தோற்ற பிறகு அவன் என்ன ஆனான்? அலெக்சாந்தரின் வரலாறு எழுதிய அர்ரியன் வாயே திறக்கவில்லை. எறிபொறிக் கணை கேடயத்தையும் கவசத்தையும் துளைத்து அலெக்சாந்தரின் தோளில் இறங்கியது, ஊர் ஆண்கள் நின்ற இடத்திலேயே பொருதி மாண்டது, பெண்களும் பிள்ளைகளும் அடிமையானது எல்லாம் எழுதுகிறார். பாட்டிஸின் முடிவு மட்டும் இல்லை.

அதைச் சொன்ன கிரேக்கர் மக்னீசியாவின் ஹெகேசியாஸ். அவருடைய வரலாறு முழுதும் தொலைந்துபோயிற்று. இந்தத் துண்டு பிழைத்ததற்குக் காரணம், மட்டமான நடைக்கு உதாரணம் வேண்டுமென்று தியோனீசியஸ் இதை அப்படியே எடுத்துப் போட்டதுதான்!

பாட்டிஸை உயிரோடு பிடித்துக் கொண்டுவருகிறார்கள். கொழுத்த, கறுத்த உடம்பு. காலைத் துளைத்து வெண்கல வளையம் மாட்டி, அம்மணமாகத் தேரில் கட்டி வட்டமாக இழுக்கிறார்கள். கரடுமுரடான தரையில் உடம்பு அடிபட அவன் அலறுகிறான். அலறலைக் கேட்டுக் கூட்டம் சேர்கிறது. வலி தாங்காமல் ‘எஜமானே’ என்று கெஞ்சுகிறான். கொச்சையான அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். அவ்வளவும் சின்னச் சின்ன வாக்கியங்களில். எனக்குக் கிரேக்கம் தெரியாது. ஆனால் ப்ரூஃப் பார்த்துப் பழகிய கண். இடப்பக்கத்தில் முற்றுப்புள்ளிகள் எவ்வளவு நெருக்கமாக விழுகின்றன என்று பார்த்தாலே தெரிகிறது.

உடனே தியோனீசியஸ் ஹோமரின் காவியமான இலியடை எடுக்கிறார். கிரேக்க வீரன் அகில்லெஸ், தான் கொன்ற டிராய் வீரன் ஹெக்டரின் பிணத்தைத் தேரில் கட்டி இழுக்கும் வரிகள். அங்கே அவமானப்பட்டது உணர்வற்ற உடல், ஆகவே துன்பம் இதைவிடக் குறைவு, ஆனாலும் ஹோமர் எவ்வளவு உயரத்தில் நிற்கிறார் பாருங்கள் என்கிறார். உயிரோடு இழுபட்டவன் கதை கனமானது என்று தன் வாயாலேயே ஒப்புக்கொண்டு, அடுத்த மூச்சில் சந்தத்துக்குத் தாவுகிற மனுஷரை என்ன சொல்ல! ஹெகேசியாஸ் மாதிரி பெண்களோ கீழ்த்தரமான ஆட்களோதான் பேசுவார்கள், அதுவும் கிண்டலுக்குத்தான் என்று ஒரு குத்து வேறு. ஐயா, பெண்ணாகச் சொல்கிறேன்: நடை துண்டுதுண்டாக இருக்கிறது, சரி. அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறதே, அதற்கு உங்கள் இலக்கணத்தில் மார்க் கிடையாதா?

புத்தகமாகப் பார்த்தால்: கைக்கு அடக்கம், கைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம். கட்டு உறுதி. தாள் மெல்லியது, பென்சில் மட்டும் போதும். மை வைத்தால் மறுபக்கம் தெரியும். காசா முற்றுகையின் முன்கதை பின்கதை எதிர்பார்த்து வாங்காதீர்கள், இது நடையைப் பற்றிய நூல். அர்ரியனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால்தான் பிடி கிடைக்கும். விலையும் கையைக் கடிக்கும். இந்த ஒரு அத்தியாயம் போதுமென்றால், ரைஸ் ராபர்ட்ஸின் 1910 பதிப்பு இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. அதிலும் மூலமும் ஆங்கிலமும் எதிரெதிரே.

ரோமானிய வரலாற்றாசிரியர் கர்ஷியஸ் சொல்வதையும் ஒப்பிட வேண்டுமென்றால் சிவப்பில் ரோல்ஃபின் மொழிபெயர்ப்பு இருக்கிறது. அவருடைய பாட்டிஸ் அலறவில்லை, கெஞ்சவில்லை. வாயே திறக்காமல் நிற்கிறான், அலெக்சாந்தரின் கோபம் ஏறுவதே அதனால்தான். தேரில் கட்டி இழுத்துவிட்டு, என் முன்னோர் அகில்லெஸ் செய்ததைச் செய்தேன் என்று அலெக்சாந்தருக்குப் பெருமை வேறு. அது நான்காம் புத்தகத்தில் வருகிறது, முதல் தொகுதி மட்டும் வாங்கினால் போதும்.