காளான் கையேடு வாங்குகிறீர்களா? எழுதியது யார் என்று முதலில் பாருங்கள்

காட்டுக் காளானை அடையாளம் காணக் கற்றுத்தரும் என்று நம்பிக் காசு கொடுத்தவர்களுக்கு, கம்ப்யூட்டர் (ஏஐ என்ற செயற்கை நுண்ணறிவு) எழுதித் தள்ளிய புத்தகம் வந்து சேர்ந்திருக்கிறது. அமேசானில் விற்ற இந்தக் கையேடுகளைப் பற்றி நியூயார்க் காளான் ஆய்வுச் சங்கம் 2023 ஆகஸ்டிலேயே எச்சரித்தது. சமையல் புத்தகம் என்றால் காசோடு போகும். இதில் உயிரே போகும்.

மோந்து பார், ருசித்துப் பார் என்று சில கையேடுகள் சொல்லின. டெத் கேப் என்ற நச்சுக் காளானைத் தின்று பிழைத்தவர்கள் அது ருசியாக இருந்தது என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். பாதிக் குடையே ஆளைக் கொல்லும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. வாந்தி, பேதி தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். பிறகு தேறிவிட்டது போலத் தெரியும்; உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

நமக்குத் தெரிந்த வைக்கோல் காளானும் இளசில் டெத் கேப்பைப் போலவே முட்டை வடிவப் பைக்குள்தான் இருக்கும். அமெரிக்காவில் குடியேறிய ஆசியர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு இறந்திருக்கிறார்கள். விரிந்த குடையைக் காம்பு நீக்கி, பாதி வெள்ளை, பாதி கறுப்புத் தாளில் கவிழ்த்து, மேலே டம்ளர் மூடி ஒரு ராத்திரி வையுங்கள். தாளில் படியும் தூள் டெத் கேப்புக்கு வெள்ளை, வைக்கோல் காளானுக்கு இளஞ்சிவப்பு. விரியாத முட்டையில் இந்தச் சோதனை செய்ய முடியாது. இளஞ்சிவப்பு வந்தாலும் அதை மட்டும் நம்பித் தின்னக் கூடாது. மண்ணைத் தோண்டிக் காம்பின் அடியில் உள்ள பையைப் பார்த்த ஆள்தான் இப்படியெல்லாம் எழுதுவார். தப்பு வந்தால் அடுத்த பதிப்பில் திருத்துவார். கம்ப்யூட்டர் புத்தகத்தில் கேள்வி கேட்க ஆளே இல்லை.

வாங்கும் முன் ஆசிரியர் பெயரை அழுத்திப் பாருங்கள். ஒரே மாதத்தில் காளான், சர்க்கரை நோய், பின்னல் வேலை என்று புத்தகம் குவிந்திருந்தால் விடுங்கள். எந்த வட்டாரத்துக் காளான் என்று சொல்லியிருக்கிறதா? அறிவியல் பெயர் உண்டா? படத்தில் குடைக்கு அடியில் உள்ள மடிப்புகள் ஒன்றோடொன்று உருகி ஒட்டியிருந்தால் அது கேமரா எடுத்த படம் அல்ல. புத்தகம் வந்த பின் பார்த்தால், கடைசிப் பக்கத்தில் நீங்கள் ஆர்டர் போட்ட பிறகு அச்சான தேதி இருக்கலாம். நேர்மையான எழுத்தாளர்களும் அப்படித்தான் அச்சிடுகிறார்கள் என்பதால் அதை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

2023 செப்டம்பர் முதல், ஏஐ எழுதியதா என்று அமேசான் பதிப்பிப்பவரிடம் கேட்கிறது. அந்தப் பதிலை வாங்குபவருக்குக் காட்டுவதில்லை. ஒருவர் ஒரு நாளைக்கு 3 புத்தகம்தான் போடலாம் என்று வரம்பும் வைத்தது. அதுவே எவ்வளவு தாராளம்! அமெரிக்க எழுத்தாளர் சங்கமான ஆதர்ஸ் கில்டு 2025 ஜனவரியில் 'மனிதர் எழுதியது' என்ற முத்திரையைக் கொண்டுவந்தது. அட்டையில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் உடனே திருப்பி அனுப்புங்கள், விற்பனைப் பக்கத்தில் புகாரும் போடுங்கள். அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பறித்த காளான் எதுவானாலும் குப்பையில் போடுங்கள்.