18 முடிந்த பிள்ளைக்குப் பாதுகாவலர்: கலெக்டர் குழுவா, கோர்ட்டா, டிரஸ்ட் பத்திரமா?

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு 18 வயது முடிந்துவிட்டால் சட்டத்தின் பார்வையில் அவன் மேஜர். அப்பா, அம்மா என்ற உரிமையில் மட்டும் அவனுக்காகக் கையெழுத்துப் போட முடியாது. பல பெற்றோருக்கு இது பேங்க் கவுன்ட்டரில்தான் உறைக்கிறது. என் மகன் தன் பெயரை அழகாக எழுதுவான். கட்டத்துக்குள் அடங்கவில்லை என்றால் மிச்ச எழுத்தை அடுத்த கட்டத்தில் போட்டுவிடுவான். கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று சீட்டு திரும்பி வந்தது.

அதற்கப்புறம்தான் இருக்கிற வழிகளை அலசினோம். மூன்று தேறின. நாங்கள் எடுத்தது 1999-ஆம் ஆண்டு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் வழி. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கென்றே வந்த சட்டம் இது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனத்தின் பிரதிநிதி, மாற்றுத்திறனாளி ஒருவர் என மூவர் கொண்ட குழு பாதுகாவலரை நியமிக்கும். பெற்றோரோ உறவினரோ விண்ணப்பிக்கலாம். இந்தக் குழு தரும் சான்றை ஏற்று வங்கிகள் கணக்கு தொடங்கலாம், நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2007-லேயே சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கவுன்ட்டரில் முரண்டு பிடித்தால் அதைக் காட்டுங்கள்.

இரண்டாவது, 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 14-ஆவது பிரிவு. மாவட்ட நீதிமன்றமோ அரசு குறிப்பிடும் அதிகாரியோ 'வரையறுக்கப்பட்ட பாதுகாவலரை' நியமிக்கலாம். ஒரு குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும். அதுவும் பிள்ளையின் விருப்பப்படி, இருவரும் சேர்ந்து எடுக்கும் முடிவாக இருக்க வேண்டும். கொள்கையாகப் பார்த்தால் இதுதான் கண்ணியமான ஏற்பாடு. தன் மனதில் இருப்பதைச் சொல்லத் தெரிந்த, வேலைக்குப் போகிற பிள்ளை என்றால் நானே இதைத்தான் பார்க்கச் சொல்வேன். நான் அந்தப் படி ஏறவில்லை என்பதால் வாய்தா, செலவு பற்றிப் பேச எனக்குத் தகுதியில்லை.

மூன்றாவது, 1882 டிரஸ்ட் சட்டப்படி ஒரு குடும்ப டிரஸ்ட். அதாவது, பிள்ளைக்காக நிர்வகிக்கச் சொல்லி சொத்தை நம்பகமானவர்கள் கையில் பத்திரம் எழுதி ஒப்படைப்பது. கடை வாடகை, நிலம் என்று வரும்படி உள்ளவர்களுக்கு இது தேவைதான். கலெக்டர் சான்று வாங்கினாலும் சொத்துக்கு உயிலோ டிரஸ்ட்டோ தனியாக எழுதத்தான் வேண்டும்.

எங்களை ஒரு பக்கம் சாய்த்தது வருஷாந்திரக் கணக்கு. நேஷனல் டிரஸ்ட் வழியில் நியமனமான ஆறு மாதத்துக்குள் பிள்ளையின் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவு. பெற்ற பிள்ளைக்குச் செலவழித்ததை எழுதிக் காட்டு என்றால் யாருக்குமே சுருக்கென்றுதான் இருக்கும். என் வீட்டுக்காரர் முதலில் முறுக்கிக்கொண்டார். ஒரு நோட்டு போட்டு, பாட்டி எழுதிவைத்த டெபாசிட்டின் வட்டி ஒரு பக்கம், தெரபி, மாத்திரை, துணிமணி மறு பக்கம் என்று எழுத ஆரம்பித்ததும் பழகிவிட்டது.

இந்தத் தொல்லை எங்களுக்காக அல்ல, எங்களுக்குப் பின்னால் வருகிறவருக்காக. நாளைக்கு அவனுடைய அக்காவோ சித்தப்பாவோ பாதுகாவலர் ஆனால், குடும்பத்துக்கு வெளியே ஒருவர் வருஷா வருஷம் கணக்குக் கேட்பார். பணத்தைச் சுருட்டினாலும் பிள்ளையைக் கவனிக்காமல் விட்டாலும், வேறு உறவினரோ பதிவு பெற்ற நிறுவனமோ குழுவிடம் முறையிட்டு அந்த ஆளை நீக்கச் சொல்லலாம். டிரஸ்ட்டிலும் கணக்குக் கேட்கும் உரிமை பயனாளிக்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கேட்க வேண்டியவன் என் மகன். அவன் கேட்பது காட்பாடியில் அடுத்த வண்டி எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

குழு கூடுகிற தேதிக்குக் காத்திருக்க வேண்டும் என்பது இந்த வழியின் குறை. அதனால் 18 நெருங்கும்போதே காகிதங்களைச் சேர்த்து வையுங்கள். நேஷனல் டிரஸ்ட்டின் மருத்துவக் காப்பீடான நிராமயாவுக்கு இந்தச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு லட்சம் ரூபாய் வரை கிடைக்கும் அதைச் சின்ன வயதிலேயே எடுக்கலாம்.

அப்புறம், எங்கள் வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்த பிறகு குழுவும் அந்தந்த மாவட்டத்துக்குத்தான். குடியாத்தம், காட்பாடிக்காரர்கள் சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் கலெக்டர் ஆபீசுக்கு வரலாம். ஆற்காடு, அரக்கோணம் என்றால் ராணிப்பேட்டை. ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர்.