சர்ஜரின்னா ஆபரேஷன் இல்லம்மா: லண்டன்ல எங்க ஏரியா ஹெல்த் சென்டர்

ரெண்டு மாசமா எழுதணும்னு நெனச்சுட்டே இருந்தேன், இன்னிக்குத்தான் பொண்ணு சீக்கிரம் தூங்கினா. இடத்தோட பேரைப் போடல, ஏன்னா கொஞ்சம் திட்டவும் போறேன், அங்க ஊசி போடற நர்ஸம்மா ரொம்ப நல்லவங்க, அவங்க மேல பழி விழக் கூடாது. லண்டன் வடக்குப் பக்கம், ட்யூப் ஸ்டேஷன்லேர்ந்து எட்டு நிமிஷ நடை, மூணு மாடிக் கட்டடம், அவ்ளோ போதும்.

பழைய கதைய சொன்னாத்தான் இது புரியும். நாங்க குடி வந்தப்போ எங்க ஜிபி (ஏரியா பொது டாக்டர், எதுன்னாலும் மொதல்ல இவர்கிட்டத்தான் போகணும்) இருந்தது ஒரு பழங்காலத்து வீட்டுல. ரெண்டு வீட்டுக்கு நடுச்சுவர இடிச்சு ஒண்ணாக்கி, கீழ முன்னறைல நாற்காலி போட்டு, டாக்டர் மாடில உக்காந்திருப்பார். படி ஒரே செங்குத்து. அம்மா ஊர்லேர்ந்து ஆறு மாசம் வந்திருந்தாங்க, இருமல் விடவே இல்ல, நான் வாய் தவறி "நாளைக்கு சர்ஜரிக்குப் போலாம்மா"ன்னுட்டேன், அவ்ளோதான், "எனக்கு என்னடா ஆச்சு, எங்கிட்ட எதயாவது மறைக்கிறியா"ன்னு ராத்திரி பூரா தூங்கல. இந்த ஊர்ல டாக்டரோட கிளினிக்குக்குப் பேரே சர்ஜரிதான்னு சொல்லிப் புரியவைக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடுச்சு. மறுநாள் அந்தப் படியப் பாத்துட்டு, இதுக்கு ஆபரேஷனே தேவலன்னாங்க. (விசிட்டரா வந்தவங்களும் ஜிபிய இலவசமா பாக்கலாம், ரெஜிஸ்டர் பண்ண அட்ரஸ் ப்ரூஃப் கட்டாயமில்ல, ரிசப்ஷன்ல கேட்டா தைரியமா சொல்லுங்க. ஆஸ்பத்திரில அட்மிட் ஆனா கதை வேற, பில் வரும்.)

அந்த டாக்டர் இந்தியாவுலேர்ந்து 70கள்ல வந்தவர், ரிடயர் ஆனார். அப்புறம்தான் எனக்கு இங்கத்த கணக்கே புரிஞ்சுது. 1948ல என்ஹெச்எஸ் (இங்கத்த அரசாங்க மருத்துவ சேவை) ஆரம்பிச்சதுலேர்ந்தே ஜிபிங்கள்ல பெரும்பாலானவங்க அரசாங்க சம்பளக்காரங்க இல்ல, கான்ட்ராக்ட்ல வேலை பாக்கற தனி ஆளுங்க. பேஷன்ட் லிஸ்ட வேற டாக்டருக்குக் காசுக்கு விக்க சட்டத்துல இடமில்ல, ஆனா கட்டடம் அவங்க சொத்து, அத தாராளமா விக்கலாம். லண்டன்ல வீடு விக்கற விலைக்கு எந்த இளம் டாக்டர் கடன் வாங்கி அந்த வீட்ட எடுத்துப்பார் சொல்லுங்க? வீடு ஃப்ளாட்டா மாறிடுச்சு, எங்கள இந்த ஹெல்த் சென்டர் டாக்டருங்ககிட்ட மாத்தி விட்டாங்க. இது சுகாதாரத்துறை பக்கம் ஏற்பாடு பண்ணிக் குடுத்த கட்டடம், டாக்டருங்க வாடகைக்கு இருக்காங்க.

நல்லதச் சொல்லிடறேன். கீழயே ஃபார்மசி. ரத்தம் எடுக்கற இடம் முதல் மாடி, எனக்கு சுகர் இருக்கு (தமிழன்தானே), ஹெச்பிஏ1சி (மூணு மாச சுகர் டெஸ்ட்) குடுத்துட்டு அதே நடைல கால் செக்கப்பும் முடிச்சுட்டு வந்துடலாம், முன்ன இதுக்கு ரெண்டு பஸ் மாறணும். வொய்ஃப் மாசமா இருந்தப்போ மிட்வைஃப் இங்கயே வந்து பாத்தாங்க, பொண்ணு பொறந்தப்புறம் எட்டு வாரம், பன்னெண்டு வாரம், பதினாறு வாரம் ஊசி எல்லாம் இங்கதான், எடை பாக்கறதும் இங்கதான். பழைய வீட்டுல பக்கிய (கொழந்தைய வச்சுத் தள்ற வண்டி) கீழ விட்டுட்டுக் கொழந்தையத் தூக்கிட்டு மாடி ஏறணும், பக்கி இருக்குமா போயிடுமான்னு மனசு பூரா கீழதான் இருக்கும். இங்க லிஃப்ட், ரெண்டு பக்கி ஒண்ணா ஏறும்.

நடுவுல ஒரு விஷயம். என் ஆபீஸ் லண்டன்லயே க்ளார்க்கன்வெல் பக்கம், ஒரு நாள் லஞ்ச்ல பைன் ஸ்ட்ரீட்ல ஃபின்ஸ்பரி ஹெல்த் சென்டர்ன்னு போர்டு பாத்து நின்னுட்டேன். 1938ல திறந்தது, என்ஹெச்எஸ் வர்றதுக்கு பத்து வருஷம் முன்னாடி! ஒரு ஏழை ஏரியா கவுன்சில் தன் ஜனங்களுக்காகக் கட்டினது, காசநோய் கிளினிக், பல் டாக்டர், கால் பாக்கறவங்க, எல்லாம் ஒரே கூரைக்குக் கீழ. ரெண்டு பக்கமும் கைய விரிச்சு வாங்கன்னு கூப்பிடற மாதிரி இருக்கு, முன்னாடி கண்ணாடிக் கல்லு வச்ச சுவர், கட்டடக் கலைஞர் லுபெட்கின், இப்ப கிரேடு ஒன், அதாவது முதல் தரப் பாதுகாப்புக் கட்டடம். அந்த கவுன்சில்ல சுகாதாரக் கமிட்டிக்குத் தலைவரா இருந்து இத முன்ன நின்னு நடத்தினது யார் தெரியுமா, சுனி லால் காட்டியல்னு பஞ்சாப்லேர்ந்து வந்த ஒரு டாக்டர், அதே 1938ல ஃபின்ஸ்பரிக்கு மேயரும் ஆனார். 1931ல காந்தியும் சார்லி சாப்ளினும் சந்திச்சாங்களே, அது கிழக்கு லண்டன் கேனிங் டவுன்ல இவர் வீட்டுலதான். நான் பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன், எனக்கு யாருமே சொல்லல.

அப்புறம் என்ஹெச்எஸ்ஸ உருவாக்கின 1946 சட்டத்துலயே, கவுன்சில்கள் ஹெல்த் சென்டர் கட்டி டாக்டருங்களுக்கு இடம் தரணும்னு எழுதினாங்க. போர் முடிஞ்ச நேரம், காசு இல்ல, டாக்டருங்களுக்கும் கவுன்சிலுக்குக் கீழ போய் மாட்டிப்போமோன்னு பயம், அதனால ரொம்பக் கொஞ்சம்தான் கட்டினாங்க, 60கள் கடைசிலதான் வேகம் பிடிச்சுது.

அந்த பயத்துல கொஞ்சம் நியாயம் இருக்குன்னு எனக்கு இப்பத் தோணுது, ஏன்னு சொல்றேன். எங்க சென்டர்ல வாசல் ஆட்டோமேட்டிக் கதவு கெட்டுப்போய் ஏழு வாரம் ஆச்சு. ஏழு வாரம்! கனமான கதவு, வீல்சேர்ல வர்ற ஒரு பெரியவர் வெளிய நின்னு யாராவது வருவாங்களான்னு பாத்துட்டிருப்பார். ரிசப்ஷன்ல கேட்டேன், "கட்டடம் எங்களோடது இல்ல சார், புகார் குடுத்திருக்கோம்". சரி யாரோடதுன்னா ஒரு ஈமெயில் அட்ரஸ் குடுத்தாங்க. மெயில் போட்டா, ரிப்பேர் வேற கான்ட்ராக்டர்கிட்ட இருக்குன்னு பதில். கதவுல ஒரு ஏ4 பேப்பர், "தள்ளவும்"னு. கடைசில ரிப்பேர் ஆச்சு, ஆனா அந்தப் பேப்பர எடுக்க யாருக்கு அதிகாரம்னு தெரியல போல, இன்னும் ஒட்டிருக்கு.

கோவத்துல பேஷன்ட் குரூப்ல, அதாவது நோயாளிங்க கருத்து சொல்ற குழுவுல சேந்துட்டேன் (இங்கிலாந்துல ஒவ்வொரு ப்ராக்டிஸும், அதான் ஜிபி கிளினிக், இப்படி ஒண்ணு வச்சிருக்கணும், 2015லேர்ந்து கான்ட்ராக்ட்லயே இருக்கு, நீங்களும் சேருங்க, மூணு மாசத்துக்கு ஒரு மீட்டிங், பிஸ்கட் சுமார்). அங்க ஒரு டாக்டரம்மா சொன்னாங்க, வாடகைய என்ஹெச்எஸ் திருப்பிக் குடுத்துடுமாம், ஆனா க்ளீனிங், லிஃப்ட், பாய்லர், செக்யூரிட்டின்னு வர்ற சர்வீஸ் சார்ஜ்ல பெரும்பகுதி ப்ராக்டிஸ் தலைலதான். பில்ல எதுக்கு எவ்ளோன்னே விவரம் இல்லயாம். ரெண்டாவது மாடில நாலு ரூம் பூட்டிக் கெடக்கு, ஃபிசியோவுக்கு ஒண்ணு கேட்டா அதுக்கும் வாடகை ப்ளஸ் சார்ஜ், அதனால ஃபிசியோ இப்ப ரெக்கார்ட் ரூம் பக்கத்துல ஒரு பொந்துல உக்காந்து முதுகு பாக்கறார். மேல ரூம் காலியா கெடக்கு, கீழ ரூமுக்கு சண்டை. எங்க ஊர்ல சொந்தக்காரங்க வீட்டுல குடியிருக்கறவன் படற பாடு மாதிரி, ஆணியும் அடிக்க முடியாது, போய்க் கேக்கவும் முடியாது.

பழைய டாக்டர் வீட்டுல பல்பு போனா அவரே ஸ்டூல் போட்டு மாத்துவார், நானே பாத்திருக்கேன். அதுக்காக அந்தப் படிக்கு திரும்பப் போவேனான்னா, மாட்டேன். அம்மா அடுத்த வருஷம் வர்றாங்க, அவங்களுக்கு லிஃப்ட் இருந்தாப் போதும். ஆனா கட்டடம் குடுக்கறவங்க சாவி குடுத்ததோட வேலை முடிஞ்சுதுன்னு போகாம, ஸ்க்ரூட்ரைவர் வச்சிருக்கற ஒரு ஆள அங்கயே உக்காரவச்சா என்ன? ஒரே ஒரு ஆள்.

அஞ்சுக்கு மூணரை. டாக்டருங்களுக்கும் நர்ஸம்மாவுக்கும் தனியா போட்டா அஞ்சுக்கு அஞ்சு.

புதுசா சேர்றவங்களுக்கு: அப்பாயின்ட்மென்ட்டுக்காக காலைல எட்டு மணிக்கு போன்ல தொங்காதீங்க, ஆன்லைன் ஃபார்ம் போடுங்க, 2025 அக்டோபர்லேர்ந்து வேலை நாள்ல எட்டுலேர்ந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் அத திறந்தே வச்சிருக்கணும். வெயில் காலத்துல போனா விசிறி எடுத்துட்டுப் போங்க, முதல் மாடி ஜன்னல் எதுவும் திறக்காது, அதுக்கும் மெயில் போட்டிருக்கேன்.