இன்ஸ்டாகிராம் டீன் அக்கவுன்ட்: ஒரு வருடப் பயன்பாட்டில் தெரிந்தவை

டீன் அக்கவுன்ட் என்பது பதின்வயதினருக்கான இன்ஸ்டாகிராம் பாதுகாப்பு அமைப்பு. இந்தியாவுக்கு 2025 பிப்ரவரியில் வந்தது. 13 முதல் 17 வயது வரை கணக்கு தானாகவே பிரைவேட் ஆகிவிடும். பழக்கமில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது. இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் வராது. 16 வயதுக்குக் கீழே இருந்தால், இவற்றைத் தளர்த்தப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும்.

இதில் உண்மையாகவே கைகொடுப்பது பிரைவேட் அமைப்புதான். பிள்ளையின் அந்தரங்கப் படத்தை வைத்துப் பணம் கேட்டு மிரட்டுகிறவனுக்குப் படம் மட்டும் போதாது, ஃபாலோயர் பட்டியலும் வேண்டும். "பத்து நிமிஷத்துல பணம் போடு, இல்லேன்னா இவங்க எல்லாருக்கும் போகும்" என்று எழுதி, அத்தை, டியூஷன் டீச்சர், வகுப்புப் பிள்ளைகள் பெயரெல்லாம் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் அனுப்புவான். அவன் அனுப்பும் ஃபாலோ ரிக்வெஸ்ட்டைப் பிள்ளை அக்செப்ட் செய்த நொடியே அந்தப் பட்டியல் அவனுக்குத் திறந்துவிடும். பொதுவான நண்பர்கள் இரண்டு பேர் இருந்தாலே பிள்ளைகள் நம்பிவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை பிள்ளையோடு உட்கார்ந்து, நேரில் தெரியாதவர்களை ரிமூவ் செய்யுங்கள். அவர்களுக்குத் தகவல் போகாது.

பெரிய ஓட்டை, வயது. கணக்கு தொடங்கும்போது வயதைக் கூட்டிப் போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு எதுவும் வராமல் போகலாம். அக்கவுன்ட்ஸ் சென்டரில் பெர்சனல் டீடெய்ல்ஸ் பகுதியைத் திறந்து பிறந்த தேதியைப் பாருங்கள். பெற்றோர் கண்காணிக்க உதவும் சூப்பர்விஷன் வசதியில், கடந்த 7 நாளில் பிள்ளைகள் யாரோடு பேசினார்கள் என்பது தெரியும், என்ன பேசினார்கள் என்பது தெரியாது. பேச்சு டெலிகிராமுக்கு மாறிவிட்டால் அதுவும் இல்லை.

மிரட்டல் வந்துவிட்டால் பணம் கொடுக்காதீர்கள், கொடுத்தால் அடுத்த தொகை கேட்பான். பதறிப்போய் சாட் முழுவதையும் அழிப்பதுதான் பெரும்பாலும் நடக்கும் தவறு. முதலில் அவன் யூசர்நேம், புரொஃபைல் லிங்க், மிரட்டல் வரிகள், யூபிஐ ஐடி எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிறகு பிளாக் செய்யுங்கள். பார்த்தபின் மெசேஜ் தானாக மறையும் வானிஷ் மோடில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், வேறொரு போனில் படம் பிடியுங்கள். பிள்ளையின் படத்தை உறவினர் யாருக்கும் ஃபார்வர்ட் செய்யவே கூடாது.

18 வயதுக்குள் எடுத்த அந்தரங்கப் படங்கள் இணையத்தில் பரவாமல் தடுக்க உதவும் டேக் இட் டவுன் சேவை இலவசம், பெயர் கேட்காது. படம் போனை விட்டு வெளியே போகாமல், அதன் டிஜிட்டல் கைரேகை (படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டும் எடுக்கப்பட்டு, இந்தச் சேவையில் சேர்ந்திருக்கும் தளங்களுக்குப் போகும். வாட்ஸ்அப் போன்ற மறைகுறியாக்கப்பட்ட சாட்டுக்குள் இது பலிக்காது.

பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930, பிள்ளைக்கு உதவி தேவையென்றால் எந்நேரமும் குழந்தைகள் உதவி எண் 1098. ஸ்டேஷனுக்குப் பிள்ளையை அழைத்துப்போகப் பயந்தே பலர் புகார் கொடுப்பதில்லை. போக்சோ சட்டம் 24ஆம் பிரிவின்படி வாக்குமூலத்தை வீட்டிலேயே வாங்கலாம், அதிகாரி சீருடையில் வரக்கூடாது. இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கவும் கூடாது.