விசிறியைக் கீழே வைத்தவன் மோர்மிளகாய் போட்டதில்லை

பழம், மரக்கறி உலர்த்தும் எங்கள் மெஷின் போன கிழமை பழுதுபார்த்து வீட்டுக்கு வந்தது. கூலியும் சாமானுமாக 1,800 ரூபாய். அதே கிழமையில்தான் என்னோடு படிப்பிக்கும் ரீச்சர் ஒருவர், "அக்கா, அது வாங்கலாமா? இப்ப விலை இறங்கியிருக்காம்" என்று கேட்டா. இடைவேளையில் அவவுக்கு அவசரமாகச் சொன்னதைக் கொஞ்சம் ஆறுதலாக எழுதலாம் என்று பார்க்கிறேன். கோபம் இன்னும் முழுக்க ஆறவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தம்பி 2023 இல் கட்டாரிலிருந்து வரும்போது கொண்டுவந்தது. வட்டமான பிளாஸ்டிக் தட்டுகள் ஐந்து, ஒன்றின்மேல் ஒன்று. 250 வாட். சூட்டை 35 பாகையிலிருந்து 70 வரை திருகி வைக்கலாம். மற்றதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். என் வழக்கு ஒன்றே ஒன்று: இதில் விசிறியும் ஹீட்டர் கம்பியும் கீழே இருக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை, காற்று மேலேறிப் போவதற்கு. காற்று மேலே ஏறும் வழியால் சாறு கீழே இறங்காதா? இறங்கும். நேராக மோட்டரின் தலையில் இறங்கும்.

கையேட்டில் ஒரு வரி போட்டிருக்கிறார்கள், சொட்டும் பொருட்களைத் தட்டில் வைக்க வேண்டாமாம். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் சொட்டாமல் வேறென்ன செய்யும்? சொட்டாத சாமானை உலர்த்த எனக்கு எதற்கு மெஷின்?

சரி, நியாயத்தையும் சொல்ல வேண்டும். முதலில் பழுதாக்கியது மெஷின் இல்லை, நான். கதலி வாழைப்பழத்தை வட்டமாக வெட்டி, கெதியில் முடியட்டும் என்று 70 இல் வைத்தேன். நான்கு மணித்தியாலத்தில் மேலே தோல் போல இறுகிவிட்டது. காய்ந்துவிட்டது என்று நினைத்துப் போத்தலில் போட்டால், ஆறாம் நாள் வெள்ளைப் பூஞ்சணம். வெளிப்பக்கம் அவசரமாக இறுகினால் உள்ளே இருக்கும் ஈரத்துக்கு வெளியே வர வழியில்லை. இப்போது பழம் என்றால் 55 தான், பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் போனாலும் போகட்டும். காய்ந்ததை ஆறவைத்து, போத்தலை முக்கால் பங்கு மட்டும் நிரப்பி, ஒரு கிழமை தினமும் குலுக்கிப் பார்ப்பேன். கண்ணாடியில் ஆவி படிந்தால் திரும்பவும் தட்டுக்கு.

முதல்முறை செய்பவர்கள் அளவைப் பார்த்து மனம் சோரக் கூடாது. ஒரு கிலோ தக்காளி கடைசியில் 70 கிராம் அளவில் வந்து நிற்கும், அவ்வளவும் தண்ணீர். பாவற்காயும் அப்படித்தான். பப்பாசி தட்டோடு ஒட்டிக்கொள்ளும், தட்டில் துளி தேங்காய் எண்ணெய் தடவினால் உரிந்து வரும். என் கணவர் ஒருநாள் வாழைச்சேனை நெத்தலியை வைத்துப் பார்த்தார். அடுத்த இரண்டு தரமும் மாம்பழம் கருவாடாக மணத்தது. அதைப் பற்றி இனி வீட்டில் பேச்சில்லை.

கரண்ட் பயந்த அளவுக்கு இல்லை. மீற்றரைப் பார்த்துப் பார்த்து ஓடவிட்டேன், பத்து மணித்தியாலத்துக்கு இரண்டு அலகும் கொஞ்சமும். ஆனால் எங்கள் பாவனை மாதம் 90 அலகின் விளிம்பில் நிற்பது. தாண்டினால் அடுத்த படியின் விலை. அதனால் மாதத்துக்கு நான்கு ஐந்து தரத்துக்கு மேல் போடுவதில்லை. கரண்ட் பில்லை விட நித்திரைதான் நட்டம். கீழ்த்தட்டு மொறுமொறு என்று ஆகும்போது மேல்தட்டு ஈரமாகவே இருக்கும், மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். இரவு ஒரு மணிக்கு எழும்பித் தட்டு மாற்றுகிறேன். இதற்கும் காரணம் அந்தக் கீழ் விசிறிதான். பின்பக்கம் விசிறி வைத்த பெட்டி ரகத்தில் எல்லாத் தட்டுக்கும் காற்று ஏறக்குறைய ஒரே அளவில் போகும், சொட்டுவதும் மோட்டரில் விழாது.

இவ்வளவையும் ஏன் பொறுத்துக்கொண்டேன் என்றால், மோர்மிளகாய்க்காக. கச்சான் காற்று வீசும் காலத்தில் எங்கள் மட்டக்களப்புக் கல்லடியில் மெஷின் தேவையில்லை. பாயில் பரப்பி மேலே வலையைப் போட்டுவிட்டால் வெயிலும் அந்தக் காய்ந்த காற்றும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வாடைக்காற்று தொடங்கினால் கதை வேறு. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, மேலே மழை. உப்புப் போத்தலே கசியும். தயிரில் ஊறிய கொச்சிக்காயை, அதுதான் பச்சைமிளகாயை, அந்த மாதங்களில் யாரும் வெளியே வைப்பதில்லை.

மாமி மெஷினைக் கண்ட அன்று, "என்ன இது கிளி, பெட்டிக்குள்ள வெயிலா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பியும் பார்க்கவில்லை. அந்த மார்கழியில் அடைமழைக்குள் ஒரு கிலோ கொச்சிக்காயைக் கீறி, உப்புப் போட்ட எருமைத் தயிரில் இரவு முழுக்க ஊறவிட்டுத் தட்டில் அடுக்கினேன். பகலில் மெஷின், இரவில் திரும்பவும் தயிர், இப்படி மூன்று நாள். நான்காம் நாள் ஒன்றை எடுத்து எண்ணெயில் போட்டால் பொங்கிச் சிவந்து வந்தது. மாமி சோற்றோடு கடித்தா. ஒன்றும் சொல்லவில்லை, இன்னும் இரண்டை எடுத்தா. அடுத்த நாள் சந்தையிலிருந்து இரண்டு கிலோ வந்தது. மறுகா மெஷின் என்னுடையது இல்லை.

வந்த வினையும் அந்த மோர்மிளகாயால்தான். பிழிந்துவிட்டு வைத்தாலும் உப்புத்தயிர் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. மாம்பழக் காலத்தில் இனிப்பு, வாடையில் உப்பு. போன மாதம் ஒருநாள் வழக்கமான இரைச்சல் முனகலாக மாறி நின்றது. சுவிச் லைட்டும் இல்லை. கல்லடிப் பாலம் தாண்டி டவுனுக்குக் கொண்டுபோனேன். பழுதுபார்க்கும் தம்பி அடித்தட்டைக் கழற்றிவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அக்கா, இதுக்குள்ள மிட்டாய்க்கடை நடத்தினீங்களா?"

மோட்டரின் அச்சைச் சுற்றி கறுத்த பாகு, சுரண்டினால் கண்ணாடிபோல உடைகிறது. அதில் ஒட்டிச் செத்த எறும்புகள், எண்ண முடியாது. ஹீட்டரைப் பிடிக்கும் ஆணிகளில் துரு பூத்திருந்தது. விசிறி இறுகி நின்றதும் சூடு ஏறி, பாதுகாப்புக்கு வைத்த பியூஸ் அறுந்திருக்கிறது. அது ஒருமுறை போனால் போனதுதான், மாற்றத்தான் வேண்டும். அந்தப் பியூஸ் இல்லாவிட்டால் பிளாஸ்டிக் தட்டு உருகி வீடே நாறியிருக்கும், அதற்காகச் செய்தவனுக்கு ஒரு கும்பிடு. விசிறியைக் கீழே வைத்ததற்கு இல்லை.

இப்போது சாறுள்ள எதையும் முதல் இரண்டு மணித்தியாலம் சல்லடையில் வடியவிட்டுத் துணியால் ஒற்றித்தான் வைக்கிறேன். கீழ்த்தட்டைக் காலியாக விட்டு, நடு ஓட்டை மறையாத மாதிரி ஒரு துணி வளையம் வெட்டிப் போட்டிருக்கிறேன். தட்டைச் சுற்றிச் சொட்டுவதை அது பிடிக்கும். ஓட்டையின் விளிம்பில் சொட்டுவதைப் பிடிக்காது. ஐந்து தட்டு மெஷின் நான்கு தட்டாகிவிட்டது.

ரீச்சருக்கு அன்று நான் சொன்னது: வாங்க வேண்டாம். விலை பாதியாக இறங்கினாலும் இந்த ரகம் வேண்டாம், காசு சேர்த்துப் பின்பக்க விசிறி உள்ளதைப் பாருங்கள். அவ கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப அக்கா, இந்த வாடைக்கு மட்டும் உங்கடதை இரவல் தாங்களன்" என்றா. வீட்டில் மாமி ஏற்கெனவே இரண்டு கிலோ கீறி ஊறப்போட்டிருந்தா. அது மட்டும் ஏலாது என்று சொல்லிவிட்டேன்.