ஏழு வருடமாக டை மெசினும் ஸ்டாம்பும் ஸ்டென்சிலும்: முல்லைத்தீவு விசுவமடுவில் என் அனுபவம்

டை மெசினால் பூவும் இலையும் வெட்டி, ஸ்டாம்பால் எழுத்து அடித்து, ஸ்டென்சிலின் துளை வழியே மை தேய்த்து நான் வாழ்த்து அட்டைகள் செய்கிறேன். செய்கிற ஒவ்வொரு அட்டையிலும் ஒன்றைக் கூடுதலாகச் செய்து ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டு வைப்பேன். 2018 மார்கழியில் தொடங்கிய பழக்கம். போன கிழமை அந்த ரின்னைத் திறந்து எல்லாவற்றையும் பாயில் பரப்பினேன். நூற்றுக்கு மேல் இருந்தன. எது நிறம் மாறவில்லை, எது கழன்று விழுந்தது, எது பழுப்பேறியது என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். வாங்கின அன்றைக்கு எல்லாச் சாமானும் வடிவுதான். எங்கள் வெயிலையும் கார்த்திகை மழையையும் தாண்டி எது நின்றது என்று எழுதினால்தான் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு உதவும்.

எனக்கு அது ஏன் பெரிய விசயம் என்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் 2009 க்கு முந்தின கடதாசி என்று ஒன்றும் இல்லை. அப்பா அம்மாவுக்கு எழுதின கடிதங்கள், கலியாணப் படங்கள், மாமா அனுப்பின பொங்கல் வாழ்த்துகள் எல்லாம் யுத்த இடம்பெயர்வில் போய்விட்டன. அதனால் நான் ஒருவருக்கு ஓர் அட்டை கொடுத்தால் அது அவருடைய அலுமாரிக்குள் இருபது வருடமாவது இருக்கவேண்டும் என்று நினைத்துத்தான் செய்கிறேன்.

மெசின் மச்சாளோடு கனடாவில் இருந்து வந்தது. மின்சாரம் தேவையில்லை, கைபிடியைச் சுற்றுகிற வகை. இரண்டு உருளைகளுக்கு நடுவே தட்டுகள் நெருக்குண்டு போக, அந்த அழுத்தத்தில் உருக்கு டையின் விளிம்பு கடதாசியை வெட்டும். கரும்பு பிழிகிற மெசினைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். (டை என்று நான் எழுதுவதெல்லாம் வெட்டுகிற அச்சு. ஒருவகை மைக்கும் டை என்றுதான் பெயர். குழம்பாமல் இருக்க அதைச் சாய மை என்று எழுதுகிறேன்.) அடியில் தளத் தட்டு, மேலே ஒரு வெட்டுத் தட்டு, அதன்மேல் கடதாசி, கூர்ப் பக்கம் கடதாசியைப் பார்க்க டை, அதற்கு மேல் இன்னொரு வெட்டுத் தட்டு. சுற்றும்போது நறநற என்று சத்தம் வரும். முதல் நாள் அம்மா, "பிள்ளை, உடையப் போகுது, விடு!" என்று குசினிக்குள் இருந்து ஓடிவந்தா. தட்டு நெரிபடுகிற சத்தம்தான் அது. இன்றைக்கும் அதே சத்தம்தான், மெசினில் ஒரு பழுதும் இல்லை.

தேய்கிறது தட்டுகள்தான். எப்போதும் ஒரே பக்கத்தை மேலே வைத்து விட்டால் தட்டு வாழை மடல் மாதிரி வளைந்துவிடும். தெரியாமல் முதல் வருடமே ஒரு சோடியை வளைத்துப்போட்டேன். பிறகு மறுபக்கம் திருப்பி நாலைந்து தரம் விட, ஓரளவு நேராகியது. இப்போது ஒவ்வொரு தரமும் திருப்பி வைப்பது கைப்பழக்கம். நடுவில் மட்டும் வெட்டுப்படாவிட்டால் அழுத்தம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு சாதாரணத் தாளைக் கூட வைத்து விட்டால் சரிவரும். பின்னல் வேலைப்பாடுள்ள மெல்லிய டைக்குக் கடதாசிக்கும் டைக்கும் இடையில் எண்ணெய்த் தாள் வைத்தால் கிழியாமல் கழன்று வரும்.

எனக்கு இதில் பெரிய தலையிடி கடதாசி அளவு. வெளிநாட்டில் இருந்து வருகிற டைகளும் ஸ்டாம்புகளும் பெரும்பாலும் அமெரிக்க அட்டை அளவுக்குச் செய்தவை. நாலேகால் அங்குலம், ஐந்தரை அங்குலம். அதாவது ஏறத்தாழ 108க்கு 140 மில்லிமீற்றர். அவர்களுடைய தாள் 216 மில்லிமீற்றர் அகலம் என்பதால் ஒன்றில் இரண்டு அட்டை கச்சிதமாக வரும். எங்களுடைய ஏ4 தாளோ 210 தான். ஆறு மில்லிமீற்றர் குறைகிற ஒரே காரணத்தால் இரண்டு வரவேண்டிய தாளில் ஒன்றுதான் வருகிறது, மிச்சம் துண்டாகப் போகிறது. இது பிடிபட முன்னம் எத்தனை நல்ல தாளை வெட்டி வீணாக்கினேன் என்று நினைத்தால் இப்போதும் மனம் கேட்காது. இப்போது ஏ4 ஐ நடுவால் வெட்டி, ஒவ்வொரு பாதியையும் மடித்து, 105க்கு 148 அளவில் இரண்டு அட்டை எடுக்கிறேன். 114க்கு 162 உறைக்குள் அது நன்றாகப் பொருந்தும். அமெரிக்க அட்டையைவிடக் கால் அங்குலம் சிறிதாக வெட்டுகிற சட்ட வடிவ டையால் எடுத்த துண்டை அதில் நடுவில் ஒட்டினால் பக்கங்களில் ஒன்றரை மில்லிமீற்றரும் மேலும் கீழும் ஏழு மில்லிமீற்றரும் மிஞ்சி, அளவில்லாத சட்டை போட்ட மாதிரி இருக்கும். அதனால் துண்டை மேலே தள்ளி ஒட்டிவிட்டு, கீழே வருகிற பட்டையில் தமிழ் வாழ்த்தை அடிக்கிறேன். அது இப்போது என் அட்டைகளுக்கு ஓர் அடையாளமாகவே ஆகிவிட்டது.

அடி அட்டைக்கு 300 ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தாள் வேண்டும். கிளிநொச்சிக் கடைகளில் வாங்குகிற மெல்லிய பிறிஸ்டல் போட் பூவும் இலையும் வெட்ட நல்லது. அடி அட்டையாக நிறுத்தினால் வயிறு தள்ளும். மடிக்க முன்னம், மை முடிந்த குமிழ்முனைப் பேனையால் அடிமட்டம் வைத்து ஒரு கோடு அழுத்தவேண்டும். தாளின் நாரோட்டத்துக்குக் குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து வெள்ளை தெரியும். தாளை இரண்டு பக்கமாகவும் மெதுவாக வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் இலேசாக வளைகிறதோ, அந்த வளைவுக் கோட்டின் வழியேதான் நாரோட்டம்.

டைகளின் உருவங்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றும் இல்லை. பனிமனிதன், கலைமான், ஊசியிலை மரம் எல்லாம் எனக்கு எதற்கு? வட்ட டை, இலை டை, விசிறி டை மூன்றும்தான் உழைக்கின்றன. வட்டத்தின் மேல்பக்கத்தை வெட்டி விளிம்பு ஒட்டினால் பொங்கல் பானை. நீட்டு இலையை வரிசையாகத் தொங்கவிட்டால் மாவிலைத் தோரணம். விசிறியின் ஓரத்தைக் கத்தரிக்கோலால் பிளந்து, பத்துப் பன்னிரண்டை ஒன்றுக்கு மேல் ஒன்று அடுக்கினால் பனை மரத்து வட்டு. கனடாவில் இருக்கிற மச்சாளின் மாமியாருக்கு அந்தப் பனை அட்டையை அனுப்பினேன். தொலைபேசி எடுத்து அவ முதலில் கேட்டது, "இது எங்கட வளவுப் பனையே பிள்ளை?" என்றுதான்.

ஸ்டாம்புக்கு வருவோம். கண்ணாடி மாதிரித் தெளிந்த பொலிமர் ஸ்டாம்பை அக்ரிலிக் கட்டையில் ஒட்டி அடிப்பது வசதி, எங்கே விழும் என்று ஊடாகப் பார்க்கலாம். புதிதில் மை முத்து முத்தாக நிற்கும். வெள்ளை அழிரப்பரால் மேலே ஒருக்கால் தேய்த்தால் பிடிக்கும். இரண்டு மூன்று வருடத்தில் ஒட்டுத்தன்மை போனது போலத் தெரியும். பயப்படவேண்டாம், தூசிதான். ஒரு துளி சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர விட்டால் பழையபடி ஒட்டும். யன்னலோரத்தில் மறந்துபோய் வைத்த ஒரு தொகுதி தேன் நிறமாகிவிட்டது. அடிப்பதில் குறை தெரியவில்லை, ஆனாலும் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் பெட்டிக்குள் வைக்கிறேன்.

வாழ்த்து வசனம் எல்லாம் ஆங்கிலத்தில் வருவதுதான் குறை. முன்பள்ளியில் என்னோடு படிப்பிக்கிற ரீச்சர் ஒருவர் முதல் அட்டையைப் பார்த்துவிட்டு, "வடிவாத்தான் இருக்கு, ஆனா எங்கட அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாதே" என்றா. அடுத்த கிழமையே வவுனியாவுக்குப் போய் சீல் கடையில் தமிழில் செய்வித்தேன். கணினி எழுத்து வேண்டாம் என்று, வெள்ளைத் தாளில் கறுப்புப் பேனையால் நானே எழுதிக்கொண்டு போனேன். அதைப் படம் எடுத்து ரப்பரில் இறக்கித் தந்தார்கள். முதல் தரம் எழுத்தைச் சின்னதாக வைத்துப் பிழைவிட்டேன். ஐந்து மில்லிமீற்றருக்குக் கீழே போனால் ள வின் சுழியும் க வின் வயிறும் மையால் அடைபட்டு, வாசிக்கிறவர் ஊகிக்கவேண்டும். இப்போது எட்டு மில்லிமீற்றர். 'வாழ்த்துகள்' என்று ஒற்று மிகாமல் எழுதியிருக்கிறேன். தமிழ் ஆசிரியர் ஒருவர் அதுதான் சரி என்றார். அடைபட ஒரு புள்ளி குறைவு என்பதிலும் எனக்குத் திருப்தி.

டையிலும் ஸ்டென்சிலிலும் தமிழ் எழுத்து இன்னொரு விதமாகச் சோதிக்கும். டையில் வெட்டினால் புள்ளி எழுத்தோடு ஒட்டியிராது, தனியே விழும். தோல் துளைக்கிற கருவியால் இரண்டு மில்லிமீற்றர் வட்டங்களை வெட்டி வைத்து, ஈர்க்கு நுனியில் பசை தொட்டு, ஒவ்வொரு புள்ளியாகத் தூக்கி வைக்கிறேன். ஸ்டென்சிலில் புள்ளிக்குக் கரைச்சல் இல்லை. அங்கே வ, க, த, ள போன்றவற்றின் மூடின வயிறுதான் வெட்டின உடனே கழன்று விழும். ஒரு மில்லிமீற்றர் அகலத்தில் ஒரு பாலம் விட்டு வெட்டினால்தான் நிற்கும். பாலத்தை நேர் கீழே விடாமல் கோட்டின் வளைவு திரும்புகிற இடத்தில் விடுங்கள், கண்ணுக்கு உறுத்தாது.

ஸ்டென்சில் வெட்ட நான் பாவிப்பது பழைய எக்ஸ்ரே படம். குளோரின் கலந்த தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்த்தால் கறுப்பு முழுக்கக் கழன்று தெளிந்த பிளாஸ்ரிக் தாள் மிஞ்சும். கையுறை போடவேண்டும், வெளித் திண்ணையில் வைத்துத்தான் செய்யவேண்டும். அப்படி வெட்டின ஒரு கோல ஸ்டென்சில் ஆறு வருடமாகக் கழுவிக் கழுவிப் பாவித்தும் ஓரம் மழுங்கவில்லை. இதைவிடச் சுகமானது வேப்பங்கொத்து. ஒரு கொத்தைப் புத்தகத்துக்குள் இரண்டு நாள் அழுத்தி, அட்டையில் வைத்து, மெத்தென்ற தூரிகையால் இலையின் மேலிருந்து வெளியே வட்டமாக மையைத் தேய்த்துவிட்டு எடுத்தால், ஒவ்வொரு இலையின் பல்லும் வெள்ளையாக நிற்கும். முன்பள்ளிப் பிள்ளைகள் செய்கிறதும் இதுதான். கொத்தைத் தூக்குகிற நேரம் அவர்களுடைய முகத்தைப் பார்க்கவேண்டும்.

மை விசயத்தில் ரின் எனக்கு நிறையச் சொல்லித் தந்தது. 2019 இல் அம்மம்மாவுக்குக் கொடுத்த அட்டை அவவுடைய சாமி அறை யன்னலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே அட்டையின் சோடி ரின்னுக்குள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரின்னில் இருக்கிற வானம் நீலம். அம்மம்மாவின் வானம் கழுவின துணி மாதிரி வெளிறிக் கிடக்கிறது. இரண்டிலும் கறுப்புக் கோடுகள் மட்டும் ஒரே கறுப்பு. வானம் சாய மை, அதாவது சாயம் கரைந்த மை. கோடு பிக்மென்ற் மை, கரையாத நிறத்தூள் கலந்தது. அன்றில் இருந்து, சுவரில் வைக்கக்கூடிய அட்டைக்குப் பிக்மென்ற் மைதான். சீல் அடிக்கிற ஊதா மையைத் தயவுசெய்து தொடாதீர்கள். ஈரக் கை பட்டால் பரவும், என்னிடம் இருக்கிற மூன்றிலும் எழுத்தைச் சுற்றி ஊதா வளையம் படர்ந்துவிட்டது.

பிக்மென்ற் மைக்கும் ஒரு குணம் உண்டு, ஆறுதலாகத்தான் காயும். முதலாவது மார்கழியில் பொங்கலுக்கென்று இருபத்தைந்து அட்டை அடித்து, இரவு அடுக்கி வைத்துவிட்டுப் படுத்தேன். வெளியில் விடாத மழை. விடிய எடுத்தால் ஒவ்வொன்றின் முதுகிலும் மற்றதின் பானை. எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். இப்போது மழைக்காலத்தில் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டு ஒரு முழு நாள் காய விடுகிறேன். தாளை ரின்னுக்குள் ஈரம் உறிஞ்சுகிற சிலிக்காப் பைகளோடு வைக்கிறேன். சோளகம் வீசுகிற மாதங்களில் கரைச்சல் மாறிவிடும்; மைப் பெட்டி உலரும், எதை எடுத்தாலும் புழுதி.

வெயிலும் மழையும் அசைக்காமல் விட்டது பவுடர் உருக்கின எழுத்துத்தான். ஒட்டும் மையில் அடித்து, மேலே எம்பொசிங் பவுடர் தூவித் தட்டி, சூட்டுக் காற்று ஊதுகிற மின்சாரத் துப்பாக்கியால் உருக்கினால் எழுத்து எழும்பி மினுங்கும். மை அடிக்க முன்னமே முகப்பவுடரைத் துணியில் முடிந்து தாளில் ஒற்றவேண்டும், இல்லாவிட்டால் கை பட்ட இடம் எல்லாம் ஒட்டும். 2018 இல் செய்த பொன் எழுத்து இன்றைக்கும் அப்படியே. 2022 பங்குனிக் கடைசியில் 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோது துப்பாக்கி வேலை செய்யவில்லை. தோசைக்கல்லைச் சூடாக்கி இறக்கி, அட்டையின் முதுகை அதன்மேல் பிடித்து உருக்கினேன். நன்றாகவே உருகியது, ஆனால் கல் கூடச் சூடானால் தாள் கருகும். டை மெசினுக்குக் கை மட்டும் போதும் என்பதால் அந்தக் காலம் முழுக்க விளக்கு வெளிச்சத்தில் பூ வெட்டினோம். கடதாசிதான் கடையில் இல்லை.

பசையில் மலிவு பார்க்கவேண்டாம். மெல்லிய இரட்டைப்பக்க ரேப்பால் ஒட்டினவை இரண்டு வருடத்தில் கழன்றன. ரின்னின் அடியில் அநாதையாகக் கிடந்த பூக்கள் எல்லாம் அப்படி விழுந்தவை. பைண்டர் கம் பிடித்தபடி இருக்கிறது, மெல்லிய தாளைச் சுருக்குவதுதான் குறை. வீட்டில் பசையும் பவுடரும் குழைத்து ஸ்டென்சிலால் பூசின எழும்பல் பூச்சு ஆறு மாதத்தில் வெடித்தது. அதை விட்டுவிட்டேன்.

வாங்குவதென்றால் முதலில் நல்ல தாளும் ஒரு கறுப்புப் பிக்மென்ற் மையும். அதோடு தமிழில் ஒரு ஸ்டாம்ப் செய்வியுங்கள், ஸ்டென்சிலை நீங்களே வெட்டுங்கள். ஒரு வருடம் அப்படிச் செய்தும் ஆசை குறையவில்லை என்றால் மெசின் வாங்கலாம். எனக்கு முதலில் மெசின் வந்தபடியால் இதை மறுவளமாகப் படித்தேன்.

இந்த முறை பொங்கலுக்கு அறுபது அட்டை. ஐப்பசி மழை இறங்க முன்னம் தாளெல்லாம் வெட்டிக் கோடு அழுத்தி ரின்னுக்குள் போட்டுவிட்டேன். அம்மம்மாவின் அட்டையையும் திரும்பச் செய்கிறேன். வானத்தை இந்த முறை பிக்மென்ற் நீலத்தில் தேய்த்து, நேற்று மத்தியானம் கொடியில் தொங்கவிட்டேன். இன்னும் விரலில் ஒட்டுகிறது.