புளியரைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: மகனோடும் புஜ்ஜியோடும் ஊருக்குப் போன கதை

ஆட்டிசம் உள்ள பிள்ளையையும் ஒரு சின்ன நாயையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு, தமிழ்நாடு–கேரள எல்லை ஊரான புளியரையைச் சுற்றியுள்ள செங்கோட்டை, குற்றாலம், தென்மலைப் பக்கம் போகலாமா என்று லண்டனிலிருந்து கிளம்பும் முன் நிறையத் தேடினேன். தமிழில் ஒன்றும் கிடைக்கவில்லை. எங்களைப் போல யாராவது தேடுவார்கள் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நாய் எங்கள் அக்காவுடையது. லண்டனில் எங்களிடமும் ஒன்று இருக்கிறது, அதைக் கொண்டுவரவில்லை. இந்தியாவுக்குள் நாயைக் கொண்டுவர விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் தடையில்லாச் சான்றிதழ் வேண்டும். அந்த நிலையம் இருக்கிற விமான நிலையத்தில்தான் இறங்க முடியும். 2024-இல் கொச்சியிலும் அந்த வசதி வந்துவிட்டதால் தென்காசிப் பக்கத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் சுலபம். திரும்பிப் போவதுதான் பெரும்பாடு. வெறிநோய்த் தடுப்பூசி வேலை செய்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்திருக்க வேண்டும். அது முடிந்தாலும் பிரிட்டனுக்குள் விமானத்தில் சரக்காகத்தான் நாய் வர முடியும். சில வார விடுமுறைக்காக அதை அத்தனை மணி நேரம் பெட்டியில் அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

மதுரையில் அக்கா வீட்டுப் புஜ்ஜி வெள்ளைப் பொமரேனியன், ஒரு கையில் தூக்கிவிடலாம். வீடியோ அழைப்பில் என் மகனுக்கு ரொம்ப நாளாகவே பழக்கம். அவனுக்கு ஒன்பது வயது. பேசும் சொற்கள் கொஞ்சம்தான். புது இடத்தில் மூச்சு வாங்க ஆரம்பித்தால், பக்கத்தில் ஒரு நாய் உட்கார்ந்து அதன் முதுகில் கை வைக்க முடிந்தால் போதும், பல நேரம் தணிந்துவிடுவான். அதனால் அக்காவிடம் கேட்டு புஜ்ஜியையும் கூட்டிக்கொண்டோம்.

கிளம்பும் முன் மகனுக்கு வெறிநோய்க்கான முன்தடுப்பூசி போட்டோம். இதை ஒவ்வொரு பெற்றோருக்கும் சொல்வேன். தெருநாய் கீறினாலோ நக்கினாலோ வந்து சொல்லத் தெரியாத பிள்ளைகளுக்கு இது மிக முக்கியம். இது போட்டிருந்தாலும் கடிபட்டால் மறுபடி ஊசி போடத்தான் வேண்டும். ஆனால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப் புரத ஊசி தேவைப்படாது. சின்ன ஊர்களில் அது உடனே கிடைக்குமா என்று தவிக்க வேண்டியதில்லை.

மதுரையிலிருந்து கார். திருமங்கலத்தில் தொடங்கி ராஜபாளையம், தென்காசி, செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை போகும் 744-ஆம் எண் நெடுஞ்சாலை. வண்டி ஓட்டிய அண்ணாச்சியிடம் முந்தின நாளே சொன்னேன்: பாட்டு வேண்டாம், முடிந்தவரை ஹாரன் வேண்டாம், எங்கே நிறுத்தினாலும் நிறுத்துவதற்கு முன் பையனிடம் சொல்லிவிட வேண்டும். "சரிம்மா, அவன்ட்டயே சொல்லுதேன்" என்றார். சொன்னபடி வழியெல்லாம் "தம்பி, இன்னும் அஞ்சு நிமிசத்துல டீக்கடை" என்று முன்கூட்டியே சொல்லிக்கொண்டு வந்தார். இந்தப் பயணத்தில் எங்களுக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சேவை அதுதான்.

மோசமான சேவை குற்றாலம் பக்கத்தில் ஒரு தங்கும் விடுதியில். தொலைபேசியில் "நாய் கொண்டு வரலாம்" என்றார்கள். போய் இறங்கியதும் மேனேஜர், "நாய் வண்டி நிறுத்துற இடத்துல இருக்கலாம்னுதான் சொன்னோம், ரூமுக்குள்ள விடுறதில்ல" என்றார். அவரிடம் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்குள் வரவேற்பறையில் தொலைக்காட்சிச் சத்தம், இரண்டு சுற்றுலாப் பேருந்துக் கூட்டம், என் மகன் தரையில் படுத்துக் காதைப் பொத்திக்கொண்டு அலற ஆரம்பித்தான். அது அடம் இல்லை. உடம்பு தாங்க முடியாமல் போவது. அந்த நேரத்தில் அதட்டினாலோ தூக்கிச் சமாதானம் செய்தாலோ இன்னும் கூடும். அங்கிருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஒரு ஆச்சி திருநீறு பூசிவிட வந்தார், இன்னொருவர் சாக்லேட் நீட்டினார். எங்களுக்கு வேண்டியிருந்தது ஒரு வெற்று அறையும் கொஞ்சம் அமைதியும். அதைக் கேட்டபோது, "புக்கிங் இல்லாம ரூம் திறக்க முடியாது மேடம்" என்றார் மேனேஜர். கடைசியில் புஜ்ஜியை மடியில் வைத்துக்கொண்டு காரில்தான் அவன் தெளிந்தான். முன்பணம் திரும்பி வரவில்லை.

வெளியே நின்ற ஆட்டோக்காரர் ஒருவர் பார்த்த உடனே, "ஆட்டிசமா அக்கா? ஆய்க்குடில காட்டியிருக்கீங்களா?" என்று கேட்டார். இந்தச் சுற்று வட்டாரத்தில் ஆய்க்குடி என்றால் அமர் சேவா சங்கம். கழுத்துக்குக் கீழே உடல் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கியது. வளர்ச்சித் தாமதம் உள்ள சின்னக் குழந்தைகளைத் தேடிக் கிராமங்களுக்கே போகிறார்கள். அப்படி ஓர் இடம் நாற்பது வருஷமாக இருக்கிற ஊரில், சாதாரண ஆட்கள் பார்வையே வேறு மாதிரி இருக்கிறது. அதை அந்த ஒரு கேள்வியில் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது.

செங்கோட்டை பார்டரில் பரோட்டா சாப்பிடாமல் வர முடியுமா? ஆனால் கொத்து பரோட்டா தட்டும் சத்தம் என் மகனுக்கு ஆணி அடிப்பது போல. கணவர் இறங்கிப் போய், சால்னா ஊற்றாத வெறும் பரோட்டாவை வாழையிலையில் தனியாகக் கட்டித் தரச் சொல்லி வாங்கி வந்தார். கடைக்காரர் ஏன் எதற்கு என்று கேட்காமல் செய்து கொடுத்தார். காருக்குள் உட்கார்ந்து மகன் வயிறாரச் சாப்பிட்டான்.

அருவி விஷயத்தில் நான் பயந்ததற்கு நேர் மாறாக நடந்தது. ஒரே சீராக விழும் தண்ணீர்ச் சத்தம் அவனுக்கு இதமாக இருந்தது. சங்கடம் வேறு. குற்றாலம் பேரருவியில் ஆண்கள் பகுதி தனி, பெண்கள் பகுதி தனி. சாரல் காலக் கூட்டத்தில் அவன் அப்பாவோடு மட்டும்தான் போக முடியும், புஜ்ஜியோடு நான் வெளியே. போலீஸ் விசில் அடித்துக்கொண்டே இருப்பார்கள். தண்ணீர் கூடிவிட்டால் சட்டென்று குளிக்கத் தடை போட்டு எல்லோரையும் வெளியேற்றுவார்கள். பாதுகாப்புக்கு அது தேவைதான், ஆனால் "குளிக்கப் போகிறோம்" என்று காலையிலிருந்து படம் காட்டித் தயார் செய்த பிள்ளைக்கு அந்தத் திடீர்த் தடை தாங்காது. விடிவதற்கு முன் போங்கள். போகும் முன் தடை இருக்கிறதா என்று அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அப்புறம் மலையேறி கேரளா. ஆரியங்காவு சோதனைச் சாவடியில் புஜ்ஜியின் தடுப்பூசிப் புத்தகத்தைக் காட்டினோம், புரட்டிப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். 1956 நவம்பர் வரை செங்கோட்டையே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. அதனாலோ என்னவோ எல்லைக்கு அந்தப் பக்கமும் பாதிப் பேர் தமிழிலேயே பதில் சொல்கிறார்கள்.

தென்மலைக்குப் பக்கத்தில் ஒரு வீட்டில் தங்கினோம். அந்த வீட்டுச் சேச்சி தொலைபேசியிலேயே என்னைக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். நாய் கட்டிலில் ஏறுமா, இரவில் குரைக்குமா, மோன் என்ன சாப்பிடுவான், எந்தச் சத்தம் ஆகாது, ஓடிவிடுவானா. ஓடுவான் என்றேன். நாங்கள் போனபோது ஆற்றுப் பக்கக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் ஒன்று புதிதாகப் போட்டிருந்தார்கள். அறையின் படங்களை முன்னாலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்ததால், மகன் உள்ளே நுழைந்ததும் படத்தில் பார்த்த ஜன்னலைப் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு, கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். இதற்கெல்லாம் பெரிய செலவு எதுவும் ஆகவில்லை.

பாலருவிக்கும் செந்துருணி வனப்பகுதிக்கும் நாயைக் கொண்டு போக வழியில்லை, காட்டு விலங்குகளுக்கு நோய் தொற்றும் என்பதால் அது சரியான விதிதான். பாலருவிக்கு வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக வேண்டும், அது நிறையும் வரை காத்திருக்க வேண்டியிருக்கும். நாங்கள் முறை வைத்துப் போனோம். மழை நாளானால் அட்டையும் உண்ணியும் உண்டு. நாயின் காது மடிப்பு, விரல் இடுக்கு எல்லாம் தினமும் பார்த்துவிடுங்கள்.

ரயில் பற்றியும் சொல்ல வேண்டும். நாய்க்கு ரயிலில் இரண்டே வழி. முதல் வகுப்பு ஏசியில் கூபேயையோ (இருவர் அறை) கேபினையோ (நால்வர் அறை) முழுவதுமாக நமக்கே பதிவு செய்து, பார்சல் அலுவலகத்தில் நாய்க்கும் கட்டணம் கட்டிக் கூட வைத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டி. இரண்டாம், மூன்றாம் ஏசியிலோ தூங்கும் வசதிப் பெட்டியிலோ அனுமதி இல்லை. துணையோடு பயணிக்கும் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டு. எங்களைப் போல வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களின் பிள்ளைக்கு இந்தியாவின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை கிடைக்காது, ஆகவே அந்தச் சலுகையை எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

ஆனாலும் அந்த மலைப்பாதையை மகனுக்குக் காட்ட ஆசை. 1904-இல் போட்ட பாதை, அகலப்பாதையாக மாற்றி 2018-இல் மறுபடி திறந்தார்கள். அதனால் புஜ்ஜி அப்பாவோடு காரில், நானும் மகனும் புனலூரிலிருந்து மதிய வண்டியில் செங்கோட்டைக்கு. வண்டி ஊர்ந்துதான் ஏறுகிறது. குகை இருட்டும் என்று முன்பே சொல்லியிருந்தேன். காதடைக்கும் ஹெட்ஃபோனை அவனே எடுத்து மாட்டிக்கொண்டான். கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலத்தை ஒட்டியே நெடுஞ்சாலை போகிறது. அங்கே கணவர் காரை ஓரமாக நிறுத்தி புஜ்ஜியைத் தூக்கிப் பிடித்திருந்தார். மகன் "புஜ்ஜி!" என்று கத்தியதில் பெட்டியே திரும்பிப் பார்த்தது. எதிரே இருந்த கல்லூரிப் பிள்ளைகள் ஜன்னலோர இடத்தை அவனுக்கே விட்டுக் கொடுத்தார்கள்.

தங்குமிடத்துக்குத் தொலைபேசி செய்யும்போது "நாய் வரலாமா" என்று மட்டும் கேட்காதீர்கள். அறைக்குள்ளா, எந்த அறை, கூடுதல் கட்டணம் எவ்வளவு, சாப்பிடும் இடத்துக்கு வரலாமா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். "எங்க பிள்ளை அலறினால் ஒதுங்க ஓர் அமைதியான இடம் உண்டா" என்றும் கேளுங்கள். இதற்கு இழுத்து இழுத்துப் பதில் சொல்கிற இடம் வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் குற்றாலத்திலும் ஆரியங்காவிலும் நிறைந்திருப்பார்கள், விடியற்காலையிலேயே கூட்டமும் சரண கோஷமும் இருக்கும். அந்த மாதங்களைத் தவிர்த்துவிட்டு அடுத்த முறை சாரல் முடிகிற ஆவணிக் கடைசியில் வருவதாகச் சேச்சியிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.